481-ஆம் குன்றும் எப்ரோ ஆறும்

வணக்கம் நண்பர்களே. ஸ்பெயினின் வடகிழக்கில், கத்தலோனியாவில், காந்தேசா என்ற ஊரை ஒட்டி ஒரு குன்று நிற்கிறது. கடல் மட்டத்திலிருந்து 481 மீட்டர் உயரம். அதனால் ராணுவ வரைபடத்தில் அந்த எண்ணே அதற்குப் பெயர். பிரிட்டிஷ் தன்னார்வலர்கள் அதைப் 'பரு' என்றார்கள். ஸ்பானிய உள்நாட்டுப் போரில், 1938 ஜூலை கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் 3 வரை அதன் மீது ஏறி ஏறி விழுந்தார்கள். கடைசிவரை அது அவர்கள் கைக்கு வரவில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1936 ஜூலையில், தேர்தலில் வென்று வந்த குடியரசு அரசை எதிர்த்து ராணுவத் தளபதிகள் கிளர்ந்தார்கள். ஹிட்லரும் முசோலினியும் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஃபிராங்கோவுக்கு விமானங்களும் ஆட்களும் அனுப்பினார்கள். பிரிட்டனும் பிரான்சும் 'தலையிடாமை' என்று ஒதுங்கிக்கொண்டன. குடியரசுக்குத் துணையாக 50-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறக்குறைய 35,000 பேர் சர்வதேசப் படையணிகளில் சேர்ந்தார்கள்.

இப்போது திரையில் இருக்கும் வரைபடத்தைப் பாருங்கள். குன்றை விடுங்கள், ஆற்றைப் பாருங்கள். எப்ரோ. ஜூலை 24 நள்ளிரவு கடந்ததும் குடியரசுப் படைகள் சிறு படகுகளில் அந்த ஆற்றைத் தாண்டின. எதிரி அதை எதிர்பார்க்கவே இல்லை. மறுநாளே முன்னணிப் படை காந்தேசாவின் வாசலுக்கு வந்துவிட்டது. சாலைகள் கூடும் ஊர் அது. அது விழுந்திருந்தால் மேற்கே வழி திறந்திருக்கும்.

படகில் ஆளும் துப்பாக்கியும் வரலாம், டாங்கி வராது. அதற்குப் பாலம் வேண்டும். ஃபிராங்கோவின் தரப்பு மேற்பகுதி அணைகளின் மதகுகளைத் திறந்துவிட்டது. வெள்ளம் வந்து மிதவைப் பாலங்களை அறுத்துக்கொண்டு போனது. மிஞ்சியவற்றை விமானங்கள் பகலில் உடைத்தன, பொறியாளர்கள் இரவில் கட்டினார்கள். டாங்கிகளும் பீரங்கிகளும் கிழக்குக் கரையில் காத்துக் கிடந்தன. பிரான்ஸ் அந்த ஜூன் மாதமே தன் எல்லையை மூடிவிட்டிருந்ததால் புதிய ஆயுதங்களுக்கும் வழியில்லை.

குன்றின் அடியில் நின்ற பிரிட்டிஷ் பட்டாலியனுக்கு இதன் பொருள் ஒன்றுதான்: துப்பாக்கியும் கையெறி குண்டும் மட்டுமே வைத்துக்கொண்டு ஏற வேண்டும். சரிவு முழுக்கக் கல். உச்சியை நெருங்க நெருங்கச் செங்குத்து. மேலே முள்வேலி, பதுங்கு குழிகள், இயந்திரத் துப்பாக்கிகள். மேலிருந்தவர்கள் கையெறி குண்டைக் குறிபார்த்து வீசக்கூட வேண்டியதில்லை, உருட்டிவிட்டால் போதும். பக்கத்து மேடுகளிலிருந்தும் ஊருக்குள்ளிருந்தும் குறுக்காகச் சுட்டார்கள். தோட்டா பாறையில் பட்டால் கல்சில்லும் சேர்ந்து சதையைக் கிழிக்கும். காயம்பட்டவன் இருட்டும்வரை அந்த வெயிலில் கிடக்க வேண்டும். பாறையில் குழி தோண்ட முடியாததால், இறந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள்.

ஏறியவர்கள் யார்? லூயிஸ் கிளைவ், 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் தங்கம் வென்றவர். ஆற்காட்டு முற்றுகையில் பெயரெடுத்த ராபர்ட் கிளைவின் வம்சத்தவர் என்று அவரைச் சொல்வார்கள். முன்னவர் நம் மண்ணில் என்ன செய்தார் என்பது நமக்குத் தெரியும். அதே பெயரைச் சுமந்த இவர், பட்டாலியனின் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கி இந்தக் குன்றில் உயிரை விட்டார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த டேவிட் கெஸ்ட்டும் இங்கேதான் இறந்தார். லிவர்பூல் துறைமுகத் தொழிலாளி ஜாக் ஜோன்ஸ் தோளில் குண்டு பாய்ந்தும் பிழைத்தார். பின்னாளில் பிரிட்டனின் மாபெரும் போக்குவரத்துத் தொழிற்சங்கத்துக்குப் பொதுச் செயலாளரானார்.

வேல்ஸ் சுரங்கத் தொழிலாளி ஹாரி டாப்சனைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. படுகாயத்தோடு அவரை ஆற்றுக்கு அந்தப் பக்கம் லா பிஸ்பல் தெ ஃபல்செட் ஊருக்கு அருகிலிருந்த குகைக்குக் கொண்டு போனார்கள். மலைக்குள் ஒரு பெரிய இயற்கைக் குகை. விமானக் குண்டுக்குத் தப்ப அதையே மருத்துவமனையாக்கியிருந்தார்கள். சொந்தப் படையினர், எதிரிப் படையினர், ஊர்க்காரர்கள் என்று எல்லோரும் அங்கே படுத்திருந்தார்கள். பிரிட்டனின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் லியா மேனிங் அப்போது அங்கே வந்திருந்தார். சாகும்வரை டாப்சனின் அருகிலேயே இருந்தார். வாழ்நாளெல்லாம் நிலத்தடியில் உழைத்தவருக்கு மலைக்குள்ளேயே சாவு வாய்த்தது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இந்தக் குன்றை வீரத்தின் கதையாக மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வீரம் இருந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பீரங்கி ஆதரவில்லாமல் நேருக்கு நேர் ஏறும் தாக்குதல் இரண்டாம் நாளே தோற்றுவிட்டது. அதற்குப் பிறகும் அதே சரிவில் அதே வழியாக ஆட்களை அனுப்பியது தலைமையின் தவறு. நல்ல மனிதர்களை இப்படிச் செலவழித்ததை எந்த இலட்சியத்தின் பெயராலும் என்னால் நியாயப்படுத்த முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'சர்வதேச' என்று பெயர் இருந்தாலும் அந்த நேரத்தில் இந்தப் படையணிகளில் ஸ்பானியர்களே அதிகம். அவர்களில் பலர் மீசைகூட அரும்பாத பையன்கள். செப்டம்பர் 21 அன்று குடியரசின் பிரதமர் நெக்ரின், வெளிநாட்டுத் தன்னார்வலர்களைத் திருப்பி அனுப்புவதாக ஜெனிவாவில் அறிவித்தார். அக்டோபர் 28 அன்று பார்சலோனா மக்கள் அவர்களுக்குப் பூத்தூவி விடைகொடுத்தார்கள். அந்தப் பையன்களுக்கு அப்படி ஒரு விடுதலை இல்லை. நவம்பர் 16 வரை எப்ரோவில் சண்டையிட்டார்கள். தோற்ற பிறகு பலர் எல்லை தாண்டி பிரான்சின் முகாம்களில் அடைபட்டார்கள், பலர் ஃபிராங்கோவின் சிறைகளுக்குப் போனார்கள்.

அடுத்த காணொளியில் அந்தக் குகை மருத்துவமனையைப் பற்றியும் அங்கே வேலை செய்த செவிலியர்களைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறேன். வணக்கம்.