விண்மீன் ஓடையில் விழுந்த இடைவெளி

எல்லாருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். 2006-ல் கார்ல் கிரில்மேர், ஒடிஸியாஸ் டியோனாட்டோஸ் என்ற இருவர், வானத்தைப் பரவலாகப் படமெடுத்த ஸ்லோன் வான் ஆய்வின் தரவுகளில் ஒரு விண்மீன் ஓடையைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் ஜிடி-1. சுமார் 30,000 ஒளியாண்டு தொலைவில், வானத்தில் 60 டிகிரிக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. அகலமோ ஒரு டிகிரிகூட இல்லை. ஒரு காலத்தில் உருண்டையான விண்மீன் கொத்தாக இருந்தது, பால்வழியின் ஈர்ப்பு ஓரத்து விண்மீன்களைக் கழற்றிக்கொண்டே இருக்க, உட்பக்கம் கழன்றவை முன்னால் ஓடி, வெளிப்பக்கம் கழன்றவை பின்தங்கி, கடைசியில் கொத்தே கரைந்துபோய் இந்த இழை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சரி, இதில் கரும்பொருள் எங்கே வருகிறது? கரும்பொருள் என்பது ஒளியே விடாத, ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் பொருள். அது பால்வழியைச் சுற்றிக் கட்டிகட்டியாகத் திரண்டிருக்க வேண்டும் என்கிறது இன்றைய கோட்பாடு. பெரிய கட்டிகளில் விண்மீன்கள் பிறந்ததால் அவை நமக்குத் தெரிகின்றன. சின்னக் கட்டிகளில் ஒரு விண்மீன்கூட இருக்காது. அவை ஓடையைக் கடந்து போன தடத்தைத்தான் தேட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கடந்து போகும் கட்டி, தனக்கு முன்னால் போகிற விண்மீன்களைப் பின்னுக்கும், பின்னால் வருபவற்றை முன்னுக்கும் இழுக்கிறது. அப்படியானால் அந்த இடம் நெரிசலாகத்தானே வேண்டும்? ஆனால் பின்னுக்கு இழுபட்ட விண்மீன் ஆற்றலை இழந்து உள்ளே இறங்குகிறது, அங்கே சுற்று சீக்கிரம் முடிவதால் இன்னும் முந்தி ஓடுகிறது. முன்னுக்கு இழுபட்டதோ வெளியே ஏறிப் பின்தங்குகிறது. காலம் போகப் போக நடுவில் வெற்றிடம் விரிகிறது.

2018-ல், விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் தரவைக் கொண்டு ஏட்ரியன் பிரைஸ்-வீலனும் ஆனா பொனாக்காவும் ஜிடி-1-ல் அப்படிப்பட்ட இடைவெளிகளையும், பக்கவாட்டில் பிரிந்த ஒரு கிளையையும் தெளிவாகக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு பொனாக்கா குழு போட்ட கணக்கில், மோதிய பொருளின் நிறை 10 லட்சம் முதல் 10 கோடி சூரியன்கள் வரை வந்தது. பாதை தெரிந்த எந்தக் கொத்தும், எந்தக் குட்டி விண்மீன் மண்டலமும் அந்த இடத்தில் பொருந்தவில்லை.

எல்லா இடைவெளிக்கும் கரும்பொருள்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பாலோமர் 5 என்ற இன்னொரு விண்மீன் கொத்தின் ஓடையில் தெரியும் இடைவெளிகளைப் பால்வழியின் நடுவில் விண்மீன்கள் நீளமாகத் திரண்ட பட்டையோ வாயு மேகங்களோகூட உண்டாக்கியிருக்கலாம். ஜிடி-1 பால்வழி சுழலும் திசைக்கு எதிராகச் சுற்றுவதால் இவற்றின் பாதிப்பு அதற்குக் குறைவு, அதனால்தான் அதை நான் அதிகம் நம்புகிறேன். அப்புறம், சிலியில் இயங்கத் தொடங்கியிருக்கும் வேரா ரூபின் ஆய்வகம் இன்னும் மங்கலான விண்மீன்களையும் பிடிக்கும். ஓடை ஓடையாக எண்ணிப் பார்த்தும் சின்னக் கட்டிகளின் தடம் சிக்காவிட்டால், கரும்பொருள் துகளைப் பற்றி நாம் நினைத்திருப்பதையே மாற்றியாக வேண்டும்.