ஊரும் நாடும் ஒரே சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

எகிப்தியப் பாட்டில் ஓடும் நாட்டுப்பற்றைப் பிடிக்க, முதலில் ஒரு சொல்லைப் பிடிக்க வேண்டும்: 'பலத்'. நாட்டுக்கும் அதுதான், சொந்த ஊருக்கும் அதுதான். வெளியூரில் இருக்கும்போது 'எங்க ஊர்ல எல்லாம்...' என்று ஆரம்பிக்கிறோமே, அந்தக் குரல் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. 'மஸ்ர்' என்பதும் அப்படியே. எகிப்துக்கும் அந்தப் பெயர், பேச்சுவழக்கில் கெய்ரோவுக்கும் அந்தப் பெயர்.

இந்த ஊர்ப்பேச்சைப் பாட்டில் நிலைநாட்டியவர் ஸையித் தர்வீஷ். 1892-இல் அலெக்சாந்திரியாவில் பிறந்து, 1923-இல், 31 வயதிலேயே மறைந்தார். சுமைதூக்கிகளும் தண்ணீர் சுமப்பவர்களும் பேசியதை மெட்டில் போட்டார்.

அவருடைய பேரீச்சம்பழப் பாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1919 மார்ச்சில் விடுதலைத் தலைவர் ஸஅத் ஸக்லூலை பிரிட்டிஷார் பிடித்து மால்டாவுக்கு அனுப்ப, நாடே கொந்தளித்தது. அவர் பெயரை மேடையில் சொல்ல முடியாத நிலை. எகிப்தில் 'ஸக்லூல்' என்றே ஒரு பேரீச்சை உண்டு. நாம் பாக்கெட்டில் வாங்கும் கறுத்த, பிசுபிசுத்த பழத்தை நினைக்காதீர்கள். இது செக்கச்செவேலென்று நீளமாக இருக்கும். கனிந்து குழைவதற்கு முன்பே, காய்ப்பதத்தில் கடிப்பார்கள், நறுக்கென்று உடையும். அந்தப் பழத்தைக் கூவி விற்கிற மாதிரி ஒரு பாட்டு, தர்வீஷ் மெட்டில், நஈமா அல்-மஸ்ரிய்யா குரலில் வந்தது. ஸக்லூல், ஸக்லூல் என்று பழத்தைப் பாடினால் யார் தடுப்பது? கேட்டவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும். நான் சொல்ல வருவது இதைத்தான்: சந்தைக் கூவலே அங்கே தேசப்பாட்டு.

இன்றைய தேசிய கீதமான 'பிலாதி'யும், அதாவது 'என் நாடே' என்ற பாட்டும், தர்வீஷ் மெட்டுதான். 'பலத்' என்பதன் பன்மையில் பிறந்த சொல். அதையே மூன்று முறை சொல்லித் தொடங்குவதால், வரி தெரியாதவரும் கூடப் பாடிவிடலாம். இன்னொரு வசதியும் உண்டு. அரபு இசையில் நம் ஆர்மோனியத்தில் இல்லாத, இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுகிற கால் சுரங்கள் வரும். பேண்டு வாத்திய டிரம்பெட்டில் அவை சரியாகப் பேசாது. பிலாதி ஏறக்குறைய நம் சங்கராபரணத்தின் சுரங்களில் போவதால் ராணுவ பேண்டுக்குத் தடங்கலே இல்லை. இதற்கு முன், 1960-லிருந்து தேசிய கீதமாக இருந்தது 1956 சூயஸ் போரின்போது உம் குல்தூம் பாடிய பாட்டு; ஆயுதத்தைக் கூப்பிட்டுப் பேசுவது. இஸ்ரேலோடு சமாதான ஒப்பந்தம் ஆன அதே 1979-இல் அது விலகி, இசையமைப்பாளர் அப்துல் வஹாப் ஒழுங்குசெய்த பிலாதி வந்தது.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். பாடகி ஷாதியா 1970-இல் எகிப்தைக் காதலியாக அழைத்துப் பாடிய பாட்டு, 2011 மக்கள் எழுச்சியில் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் மீண்டும் ஒலித்ததை விரிவாகப் பேச நினைத்திருந்தேன். 2014 தேர்தலில் வாக்களிக்க அழைத்த 'புஷ்ரத் கைர்' பாட்டை மட்டும் சொல்லி விடுகிறேன். பாடியவர் அமீரகத்தின் ஹுசைன் அல் ஜஸ்மி. அவரும் தென் எகிப்தான், போர்ட் ஸயீத்காரன், அலெக்சாந்திரியா இளைஞன் என்று ஊர் ஊராகத்தான் கூப்பிடுகிறார். வணக்கம்.