அந்த மண்டையோட்டு முகம் யாருடையது?

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என்னை விடவில்லை. ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "என் மகன் மண்டையோட்டு முகம் போட்ட கறுப்பு டி-ஷர்ட்டையே மாற்றி மாற்றிப் போடுகிறான். கேட்டால் மிஸ்ஃபிட்ஸ் என்கிறான். பேய் வழிபாடு ஏதாவதா?"

இல்லைம்மா, பயப்படாதீர்கள். மிஸ்ஃபிட்ஸ் ஒரு பங்க் ராக் இசைக்குழு. அந்த முகம் ஒரு பழைய சினிமா வில்லனின் முகமூடி. 1946-இல் அமெரிக்காவின் ரிபப்ளிக் நிறுவனம் எடுத்த 'தி கிரிம்சன் கோஸ்ட்' என்ற தொடர்படம். 12 பாகம், வாரம் ஒன்றாகத் தியேட்டரில் ஓடியது. அணுகுண்டுத் தாக்குதலை முறியடிக்கவென்று ஒரு பேராசிரியர் செய்த சைக்ளோட்ரோட் கருவியைத் திருட இந்த முகமூடிக்காரன் அலைகிறான். ஹிரோஷிமா நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது, அந்தப் பயம் கதைக்குள் அப்படியே இருக்கிறது. பிடிபட்டவர் கழுத்தில் ஒரு பட்டை மாட்டுவான். மாட்டப்பட்டவர் அவன் சொன்னபடி ஆடுவார், கழற்றினால் உயிர் போய்விடும். கிரிம்சன் என்றால் கருஞ்சிவப்பு. ஆனால் படம் கறுப்பு வெள்ளை!

இந்த மாதிரிப் படங்களில் பாகம் முடியும்போது கார் மலையிலிருந்து உருளும், கதாநாயகன் உள்ளே இருப்பார். அடுத்த வாரம் பார்த்தால், உருளும் முன்பே வெளியே குதித்திருப்பார். எங்கள் அத்தை வாரப்பத்திரிகையில் தொடர்கதை படிப்பார். 'தொடரும்' என்று வந்ததும் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார், மிச்சம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று. அந்தத் தவிப்புக்காக எடுத்த படங்கள் இவை.

சரி, என்னை நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: முகமூடிக்குள்ளே இருந்தது யார்? கடைசிப் பாகத்தில் முகமூடியைக் கழற்றுகிறார்கள். யார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதுவரை நாம் கேட்ட குரல் அந்த நடிகருடையது இல்லை. ஐ. ஸ்டான்ஃபோர்ட் ஜோலி என்ற வேறொருவர் பேசியது. முகம் ஒருவர், குரல் ஒருவர். முகமூடிக்கு உள்ளே இருக்கும் ஆள் முக்கியமில்லை என்று முன்பு ஒரு பேச்சில் சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் அந்த வில்லனின் அடியாள் ஆஷ். நடித்தவர் கிளேட்டன் மூர். மூன்றே ஆண்டில், 1949-இல், தொலைக்காட்சியில் 'லோன் ரேஞ்சர்' என்ற முகமூடி போட்ட கௌபாய் கதாநாயகன் ஆகிவிட்டார். இப்போது முகமூடி நல்லவன் முகத்தில்! தொடர் முடிந்து பல வருடம் கழித்தும் அதே முகமூடியோடு ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளைப் பார்த்தார். 1979-இல் அந்தப் பாத்திரத்தின் உரிமையாளர்கள் நீதிமன்றம் போய், அவர் முகமூடி போடக் கூடாது என்று தடை வாங்கினார்கள். மனுஷன் பெரிய கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு போனார். 1984-இல்தான் முகமூடி திரும்பக் கிடைத்தது.

அதே 1979-இல்தான் நியூ ஜெர்சியின் லோடி ஊரைச் சேர்ந்த மிஸ்ஃபிட்ஸ், 'ஹாரர் பிசினஸ்' இசைத்தட்டின் அட்டையில் கிரிம்சன் கோஸ்ட் முகத்தைப் போட்டார்கள். அவர்கள் பாட்டை ஒருதடவைகூடக் கேட்காதவர்களும் இன்று அந்தச் சட்டையைப் போடுகிறார்கள்.

அம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனோடு உட்கார்ந்து முதல் பாகத்தைப் பாருங்கள். ஆஷ் வந்ததும் நிறுத்தி, இந்த ஆள்தான் பின்னால் லோன் ரேஞ்சர் என்று அவனுக்குச் சொல்லுங்கள்.