உள்ளத்துக்குச் சாட்சி கேட்ட சமயம்

அவைத்தலைவர் அவர்களே, இலக்கிய அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த முனைந்த சீர்திருத்தக் கிறிஸ்தவர்களான பியூரிட்டன்கள் என்றதும் நம் மனத்தில் எழும் உருவம் ஏறக்குறைய ஒன்றுதான்: கறுப்பு அங்கி, சிரிக்காத முகம், ஆடல் பாடல் எதையும் பொறுக்காத நெஞ்சு. இந்தச் சித்திரம் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். 1642 செப்டம்பரில் இங்கிலாந்தின் நாடக அரங்குகளை மூடியது பியூரிட்டன்கள் செல்வாக்குப் பெற்றிருந்த நாடாளுமன்றம்தான். கடல் கடந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள் 1659-இல் மாசச்சூசெட்ஸில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்துச் சட்டம் இயற்றினார்கள். 1681 வரை அது நடைமுறையில் இருந்தது. அப்படி ஒரு நாளைக் கொண்டாடும்படி வேதாகமம் எங்கும் சொல்லவில்லை என்பது அவர்கள் வாதம். ஆனால் இதே மக்கள் பீர் குடித்தார்கள், சாயம் தோய்த்த ஆடைகளை உடுத்தினார்கள், இல்லற இன்பத்தைக் கடவுள் தந்த கொடை என்றே போதித்தார்கள். இரண்டு ஆண்டுகளாக மனைவியை நெருங்காமல் இருந்த ஒரு கணவனை, அதையே குற்றமாகச் சொல்லி, பாஸ்டன் திருச்சபை விலக்கி வைத்தது. துறவை மேன்மை என்று எண்ணியவர்கள் இப்படிச் செய்திருக்க முடியாது.

ஆகவே தடைகளின் பட்டியலை வைத்து அவர்களுடைய ஒழுக்கத்தை அளக்க முடியாது என்று நினைக்கிறேன். ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைத் தாமே விசாரித்து, அந்த விசாரணையின் முடிவை ஊரார் முன் சாட்சியாக வைக்க வேண்டும் என்பதுதான் அந்த ஒழுக்கத்தின் அச்சாணி. அவர்களுடைய மிகச் சிறந்த எழுத்தும் மிகக் கொடிய செயலும் இந்த ஒரே இடத்திலிருந்து பிறந்தவை என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

பியூரிட்டன்கள் பின்பற்றிய சமயச் சீர்திருத்தவாதி கால்வினுடைய போதனையின்படி, யார் மீட்கப்படுவார், யார் கைவிடப்படுவார் என்பதைக் கடவுள் உலகம் தோன்றுமுன்னரே முன்குறித்துவிட்டார். நற்செயல்களால் அந்தத் தீர்ப்பை மாற்ற முடியாது. உறுதியாக அறிந்துகொள்ளவும் முடியாது. அப்படியென்றால் மனிதன் கைகட்டிச் சும்மா இருந்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். நடந்தது நேர்மாறாக இருந்தது. மீட்புக்கெனக் கடவுள் தெரிந்தெடுத்தவர்களின் கூட்டத்தில் நானும் ஒருவனா என்ற கவலை அவர்களைத் தூங்கவிடவில்லை. கிருபையின் அடையாளங்களைத் தேடி அவர்கள் தம் ஒவ்வொரு எண்ணத்தையும் புரட்டிப் பார்த்தார்கள். பார்த்ததை நாட்குறிப்பில் எழுதினார்கள்.

1630-இல் ஜான் வின்த்ரப் தலைமையில் மாசச்சூசெட்ஸுக்குப் போனவர்கள் இந்தத் தனிமனிதக் கவலையை அரசியல் ஏற்பாடாகவே மாற்றிவிட்டார்கள். 1631-இல் வாக்குரிமை திருச்சபை உறுப்பினர்களான ஆண்களுக்கு மட்டும் என்று விதிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில், உறுப்பினராக விரும்புகிறவர் தாம் மனந்திரும்பிய அனுபவத்தைச் சபைமுன் விவரிக்க வேண்டும் என்ற வழக்கம் நிலைபெற்றது. மாசச்சூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் ஊரின் போதகரான தாமஸ் ஷெப்பர்ட் அப்படிச் சொல்லப்பட்ட ஏறத்தாழ ஐம்பது சாட்சிகளைத் தம் கைப்படக் குறித்து வைத்திருக்கிறார். அவற்றில் கல்லூரி மாணவர்களின் குரலோடு வீட்டு வேலைக்காரப் பெண்களின் குரலும் பதிவாகியிருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஒரு வேலைக்காரப் பெண்ணின் அகவாழ்வை யாரோ உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்பதை நாம் எளிதாகக் கடந்துபோய்விடக் கூடாது.

ஆனால் உள்ளத்தில் நடந்ததை ஊர் எப்படிச் சரிபார்க்கும்? இந்தக் கேள்வியை வெளிப்படையாக எழுப்பியவர் ஆன் ஹட்சின்சன். பிரசவம் பார்க்கும் பெண்மணி. தம் வீட்டில் பெண்களைக் கூட்டிப் பிரசங்கங்களை விளக்கி வந்தார். வெளி ஒழுக்கம் உள்ளிருக்கும் கிருபைக்குச் சான்று ஆகாது என்பது அவர் நிலை. அந்தக் கருத்தை ஏற்றால் குடியேற்றத்தின் அஸ்திவாரமே ஆட்டம் கண்டுவிடும். 1637 நவம்பரில் நடந்த விசாரணையில் அவர் ஆளுநர் வின்த்ரப்புக்குச் சளைக்காமல் பதில் சொன்னார். இறுதியில், கடவுள் தமக்கு நேரடியாக வெளிப்படுத்தினார் என்று அவரே சொன்ன சொல் அவரை வீழ்த்தியது. நாடுகடத்தப்பட்டார்.

அடுத்த தலைமுறையில் இன்னொரு சிக்கல் வந்தது. பக்தியான வீடுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொள்ளும்படி மனந்திரும்புதல் எதுவும் வாய்க்கவில்லை. பொய்ச் சாட்சி சொல்ல மனமும் வரவில்லை. ஆகவே அவர்கள் சபைக்கு வெளியே நின்றார்கள். அவர்களுடைய குழந்தைகளுக்கேனும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று 1662-இல் போதகர்கள் கூடி ஒரு பாதி ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. வரலாற்றாசிரியர்கள் பலர் இதைப் பக்தியின் தேய்வாகவே எழுதினார்கள். எனக்கென்னவோ அந்தப் பிள்ளைகளின் மௌனத்தில் பெற்றோரின் பிரகடனங்களைவிட அதிக நேர்மை தெரிகிறது.

வணிகமும் இந்தக் கண்காணிப்புக்கு விலக்காக இருக்கவில்லை. பியூரிட்டன் ஒழுக்கமே முதலாளித்துவத்துக்கு வித்திட்டது என்று ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரைப் படித்தும் படிக்காமலும் நம்மில் பலர் சொல்லிவிடுகிறோம். 1639-இல் பாஸ்டன் வணிகர் ராபர்ட் கீன் அதிக லாபம் வைத்து விற்றதற்காக 200 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டார். தொகை பின்னர் குறைக்கப்பட்டது. சபைமுன் நின்று கண்ணீரோடு தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். முடிந்த அளவு உயர்ந்த விலைக்கு விற்கலாம் என்பது பொய்க் கொள்கை என்று போதகர் ஜான் காட்டன் அதையொட்டிப் பிரசங்கமே செய்தார். ஆனால் கீனின் மனம் ஆறவில்லை. 1653-இல் உயில் எழுத உட்கார்ந்தவர் 150 பக்கங்களுக்கு மேல் எழுதினார். அதில் பெரும்பகுதி சொத்துப் பங்கீடு அன்று, தம் தரப்பு நியாயம். பாஸ்டனின் முதல் நகர மாளிகை எழும்ப உதவியது அந்த உயில் விட்டுச்சென்ற பணம். லாபம் தேடியதும், லாபத்துக்காகக் கூனிக் குறுகியதும், அந்தக் குறுகலை மன்னிக்காததும் ஒரே மனிதர். வேபரின் கோட்பாடு இத்தகைய மனிதரைப் பாதிதான் விளக்குகிறது.

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். ஆன் பிராட்ஸ்ட்ரீட் 1630-இல் வின்த்ரப்போடு ஒரே கப்பலில் வந்தவர். எட்டுப் பிள்ளைகளின் தாய். அவருடைய முதல் கவிதைத் தொகுதி 1650-இல் லண்டனில் அச்சாயிற்று. 1666 ஜூலை 10 இரவு அவர் வீடு தீப்பற்றி எரிந்தது. அதைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருக்கிறார். கொடுத்தவரே எடுத்துக்கொண்டார், அவர் நாமத்துக்கு ஸ்தோத்திரம் என்று முறைப்படி தொடங்குகிறார். கவிதை அங்கேயே முடிந்திருந்தால் நல்ல பிரசங்கக் குறிப்பாக இருந்திருக்கும். ஆனால் பின்னாளில் அந்தச் சாம்பலைக் கடந்து போகும்போதெல்லாம் அவர் கண்கள் தாமாகவே அந்தப் பக்கம் திரும்புகின்றன. இங்கேதான் பெட்டி இருந்தது, அங்கே பேழை இருந்தது, இனி இந்தக் கூரையின் கீழ் விருந்தினர் அமரமாட்டார், மெழுகுவத்தி எரியாது, மணமகனின் குரல் கேட்காது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் போகிறார். பிறகு சட்டென்று தம் நெஞ்சையே கடிந்துகொள்கிறார்: எல்லாம் மாயை, பரலோகத்தில் வேறு வீடு உண்டு. அந்தக் கடிதல் அவர் நம்பிக்கை. அதற்கு முன் வரும் பட்டியல் அவர் உள்ளம். இரண்டையும் மறைக்காமல் எழுதும் பயிற்சியை அவருக்குக் கொடுத்ததும் அதே சமயம்தான். தம் பிள்ளைகளுக்கு எழுதி வைத்த மடலில், கடவுள் உண்டா என்றே தாம் பலமுறை ஐயுற்றதாகவும் அவர் சொல்கிறார். ஒரு தாய் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் ஆன்மிக வாக்குமூலத்தில் இதற்கும் இடம் இருந்தது.

பிராட்ஸ்ட்ரீட்டின் வீடு எரிந்த அதே 1666-இல், இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு சிறையில் இருந்த ஜான் பனியன் தம் ஆன்மிக வரலாற்றை வெளியிட்டார். பழுதான பாத்திரங்களைச் சீர்செய்யும் தொழிலாளி அவர். அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கழித்தவர். கோயில் மணி அடிப்பதில் அவருக்குப் பெரும் பிரியம். அது வீண் கேளிக்கை என்று மனச்சாட்சி உறுத்தவே விட்டுவிட்டார். ஆனாலும் பிறர் அடிப்பதைப் பார்க்கப் போவார். மணி அறுந்து தலையில் விழுந்தால் என்ன செய்வது என்று அஞ்சி உத்தரத்தின் கீழ் ஒதுங்கினார். சுவரில் மோதித் தெறித்து வந்தால் என்று அஞ்சி வாசலில் போய் நின்றார். கோபுரமே சரிந்தால் என்று அஞ்சி ஓடிப்போனார். சிரிப்பு வருகிறது, வர வேண்டியதுதான். ஆனால் பிற்கால ஆங்கில நாவல் மனித மனத்தின் நுண்ணிய அசைவுகளைப் பின்தொடரக் கற்றதில் இத்தகைய பக்கங்களுக்குப் பங்கு உண்டு.

1678-இல் வந்த பனியனின் ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ என்ற பயணக் கதை நெல்லைச் சீமைக்கும் வந்து சேர்ந்தது. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அதைத் தழுவி எழுதிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளியாயிற்று. பனியனின் நாயகன் மனைவி மக்களின் கூக்குரல் கேட்காதபடி காதில் விரலை வைத்துக்கொண்டு ஓடும் தனியன். கிருஷ்ண பிள்ளையின் கையில் அந்தக் கதை கம்பனின் நடையைப் பூண்டது; இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே பக்திப் பாடல்களும் ஏறின. அந்த மாற்றம் வெறும் அலங்காரம் அன்று. யானே பொய், என் நெஞ்சும் பொய், என் அன்பும் பொய் என்று மாணிக்கவாசகரும் தம்மைச் சோதித்தவர்தான். ஆனால் வினையேன் அழுதால் உன்னைப் பெறலாமே என்று அடுத்த அடியிலேயே அவருக்கு வழி திறந்துவிடுகிறது. பியூரிட்டனுக்கு அந்த அழுகையும் சோதனைக்கு உரியது. இந்தக் கண்ணீர் மெய்யா, நடிப்பா என்று அவன் மறுபடியும் கணக்கைத் திறப்பான்.

இந்த ஓயாத விசாரணை தன்னை விட்டுப் பிறர்மேல் பாய்ந்தபோது நிகழ்ந்தவைதான் மாசச்சூசெட்ஸின் சேலத்தில் 1692-இல் நடந்த சூனிய வழக்குகள். போதகர் சாமுவேல் பாரிஸின் வீட்டுச் சிறுமிகளுக்கு இழுப்பு கண்டதில் தொடங்கி, பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டு, விசாரணைக்கு உடன்பட மறுத்த முதியவர் கைல்ஸ் கோரியைக் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்று அது ஓய்ந்தது. இந்த வழக்குகளின் விபரீதம் ஒன்று உண்டு. சூனியக்காரி நான்தான் என்று ஒப்புக்கொண்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோரில், அந்த வாக்குமூலத்தில் நிலைத்து நின்ற ஒருவர்கூடத் தூக்கிலிடப்படவில்லை. கயிற்றுக்குப் போனவர்கள், பொய்ச் சாட்சி சொல்லி உயிர் பிழைக்க மறுத்தவர்கள். எழுபத்தொரு வயது ரெபெக்கா நர்ஸைச் சான்றாயர்கள் (ஜூரிகள்) முதலில் குற்றமற்றவர் என்றார்கள். நீதிபதிகள் மறுபரிசீலனை கேட்டதும் தீர்ப்பு மாறியது. அவருடைய தங்கை மேரி ஈஸ்டி, என் உயிருக்காக மன்றாடவில்லை, இனியும் குற்றமற்ற இரத்தம் சிந்தப்பட வேண்டாம் என்று விண்ணப்பம் எழுதிவிட்டுச் செப்டம்பரில் தூக்குமேடை ஏறினார். பியூரிட்டன் மனச்சாட்சி அதன் முழு உயரத்தில் நின்றது குற்றவாளிக் கூண்டில்தான், நீதிபதிகளின் இருக்கையில் அன்று.

(ஒரு செய்தியை இடையில் சொல்லிவிடுகிறேன். இந்தக் குற்றச்சாட்டுகள் கிளம்பிய சேலம் கிராமம் பின்னர் டான்வர்ஸ் என்று பெயர் மாறியது. அங்கே 1789-இல் பிறந்த டேனியல் பூவர்தான் 1816-இல் யாழ்ப்பாணம் வந்து, 1823-இல் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கி நடத்தியவர். அவரை அனுப்பிய அமெரிக்க மிஷன், நியூ இங்கிலாந்துப் பியூரிட்டன்களின் வழிவந்த சபைகள் எழுப்பியது.)

சேலத்தின் பிழையை உணர்ந்தபோது பியூரிட்டன்களிடம் இருந்த கருவியும் அதே சாட்சிதான். 1697 ஜனவரி 14 உபவாச நாளில், சேலம் நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சூவல் பாஸ்டன் ஆலயத்தில் போதகரிடம் ஒரு தாளைக் கொடுத்தார். பழியையும் வெட்கத்தையும் தாம் ஏற்பதாக எழுதியிருந்த அதைப் போதகர் படித்து முடிக்கும்வரை தம் இடத்தில் எழுந்து நின்றார். முடிந்ததும் தலை வணங்கினார். 1706-இல் ஆன் பட்னம் சேலம் கிராமச் சபையில் உறுப்பினராக வேண்டி நின்றார். பன்னிரண்டு வயதில் முன்னணிச் சாட்சியாக நின்று பலரைக் கொலைக்களத்துக்கு அனுப்பியவர் அவர். சாத்தானின் மயக்கத்தில் செய்தேன், பகையால் அன்று என்று அவர் வாக்குமூலத்தைப் போதகர் வாசித்தார். ரெபெக்கா நர்ஸின் உறவினர்களும் உறுப்பினராக இருந்த சபை அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த வாக்குமூலம் மெய்தானா? தங்கள் விதிப்படி அவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அன்று மன்னிப்பே பெரிதாகத் தோன்றியிருக்க வேண்டும்.

சூவலோடு அமர்ந்து விசாரித்த ஜான் ஹாத்தோர்ன் வருந்தியதாக எந்தப் பதிவும் இல்லை. அவருடைய கொள்ளுப்பேரனின் மகன், 1804-இல் சேலத்திலேயே பிறந்த நத்தானியேல் ஹாதார்ன். 1850-இல் வெளிவந்த கருஞ்சிவப்பு எழுத்து நாவலின் முன்னுரையில், முன்னோர்களின் வெட்கத்தைத் தாம் சுமப்பதாக அவர் எழுதுகிறார். கதை எழுதிப் பிழைக்கும் பேரனை அந்த முன்னோர்கள் எவ்வளவு இகழ்வார்கள் என்று கேலியும் செய்கிறார். நாவலின் நாயகி ஹெஸ்டர் பிறன்மனைக் குற்றத்துக்காக மார்பில் ஓர் எழுத்தைத் தைத்துக்கொள்ளுமாறு தண்டிக்கப்படுகிறாள். இது கற்பனை மட்டும் அன்று. நியூ இங்கிலாந்தின் பிளிமத் குடியேற்றத்தில் 1658-இல் வந்த சட்டம் அப்படி எழுத்துகளைத் துணியில் வெட்டித் தைக்கச் சொன்னது.

ஆனால் நாவலின் கூர்மை ஹெஸ்டரிடம் இல்லை, அவளோடு குற்றம் செய்து ஒளிந்திருக்கும் போதகர் டிம்ஸ்டேலிடம் இருக்கிறது. நான் பாவிகளிலெல்லாம் இழிந்த பாவி என்று அவர் பிரசங்க மேடையிலிருந்தே சொல்கிறார். சபையோ, இத்தனை புனிதர் தம்மையே இப்படித் தாழ்த்தினால் நாம் எம்மாத்திரம் என்று அவரை முன்னிலும் அதிகமாக வணங்குகிறது. அப்படித்தான் வணங்குவார்கள் என்று அவருக்கும் தெரியும். இறுதியில் ஊர் கூடியிருக்க அவர் மேடையேறி மார்பைத் திறந்து காட்டிவிட்டு உயிர் விடுகிறார். அங்கே ஓர் எழுத்தைக் கண்டோம் என்கிறார்கள் பலர். பிறந்த குழந்தையின் மார்பைப்போல் அது வெறுமையாக இருந்தது, அவர் குற்றம் எதையும் ஒப்புக்கொள்ளவுமில்லை என்று சாதிக்கிறார்கள் சிலர். எது உண்மை என்று ஹாதார்ன் தீர்ப்புச் சொல்லவில்லை. உள்ளத்துக்குச் சாட்சி கேட்ட ஊர், சாட்சி கண்முன் நின்ற நாளில் அதை ஒருமனதாகப் படிக்கத் தெரியாமல் போயிற்று.