படைச் சீர்திருத்தமும் நமது தலையங்கங்களும்

ஊடகத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே, மூத்த பத்திரிகையாளர்களே, வணக்கம்.

இராணுவத்தைச் சீர்திருத்த வேண்டும் என்று இலங்கையில் ஒரு பேச்சு எழுந்தால், நமது பத்திரிகைகள் முதலில் தேடுவது அதை யார் சொல்லச் சொன்னார் என்பதைத்தான். தெற்கில் 'வெளிநாட்டுத் தலையீடு' என்று தலையங்கம் வரும். வடக்கில் 'சர்வதேச அழுத்தம்' என்று வரும். முன்னதைக் கோபத்தோடு எழுதுகிறார்கள், பின்னதை நம்பிக்கையோடு எழுதுகிறோம். இராணுவத்தைப் பற்றிய தகவல் மட்டும் இரண்டிலும் அரிதாகவே இருக்கும்.

2023 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். 200,783 ஆக இருந்த இராணுவ ஆளணி 2024இல் 135,000 ஆகவும், 2030இல் 100,000 ஆகவும் குறைக்கப்படும் என்று பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் அறிவித்தார். நாடு கடன் கட்ட முடியாமல் கைவிரித்து, சர்வதேச நாணய நிதியத்தின் உதவிக்குக் காத்திருந்த நேரம் அது. பேச்செல்லாம் நிதியத்தின் நிபந்தனையைச் சுற்றியே ஓடியது. எந்தப் படையணி கலையும்? எந்த மாகாணத்தில் முகாம் குறையும்? 22 ஆண்டு சேவை முடித்து வெளியேறும் சிப்பாய்க்கு ஓய்வூதியம் தவிர வேறு என்ன வழி? அநுராதபுரத்திலும் மொனராகலையிலும் வேறு வேலை கிடைக்காமல் படையில் சேர்ந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பாதுகாப்புச் செலவில் பெரும்பகுதி அவர்களின் சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்குமே போகிறது. இதைச் சிங்களப் பத்திரிகைதான் எழுத வேண்டும் என்று ஒதுங்காதீர்கள். அந்த வீடுகளின் நிலைமை தெரியாமல் படைக்குறைப்பைப் பற்றி நாமும் பேச முடியாது.

வெளிநாட்டுச் செல்வாக்கு புதிதாக வந்தது மாதிரி எழுதுவதையும் நிறுத்த வேண்டும். 1949இல் இராணுவம் தொடங்கியபோது அதன் முதல் தளபதி ஒரு பிரித்தானியர். 1955இல்தான் இந்த மண்ணில் பிறந்த ஒருவர் தளபதியானார். அவர் அன்டன் முத்துக்குமாரு, ஒரு தமிழர். இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் 1957 வரை பிரித்தானியர் கையில் இருந்தன. 1980களில் பொலிஸ் விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தது ஒரு பிரித்தானியத் தனியார் நிறுவனம். இஸ்ரேலியரும் பாகிஸ்தானியரும் வந்தார்கள். 1987 ஜூலையில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், இங்கே எந்த வெளிநாட்டுப் படை ஆலோசகர் இருக்கலாம் என்பதும் ஒரு பேசுபொருள். பின்னர் கிபீர் விமானம் இஸ்ரேலிலிருந்து வந்தது, மிக் விமானம் உக்ரைனிலிருந்து வந்தது. படையைப் பெருப்பிக்க வந்த வெளிநாட்டுக் கையை நட்பு என்று எழுதிவிட்டு, அதைக் குறைக்கச் சொல்லும் கையை மட்டும் சதி என்று எழுதுவது நேர்மையாகாது.

பத்திரிகைகள் சரியாகச் செய்த இடமும் உண்டு. 2019இல் அமெரிக்கப் படையினர் இங்கே வந்தால் அவர்களுக்குரிய சட்ட நிலையை வகுக்கும் 'சோபா' உடன்படிக்கை பற்றிய பேச்சு வந்தபோது, வாசகத்தை வெளியிடு என்று கேட்டார்கள். இரு நாட்டுப் படைகளும் எரிபொருள், உணவு போன்றவற்றைப் பரிமாறிக்கொள்ள 2017இல் புதுப்பித்த 'அக்சா' ஒப்பந்தத்தையும் தோண்டினார்கள். மக்கள் பார்க்காத ஒப்பந்தத்தில் நாட்டின் படை கட்டுப்படக் கூடாது. அந்தக் குரலோடு எனக்கு முழு உடன்பாடு. அதே விடாப்பிடியை உள்ளூர்ச் சுற்றறிக்கை ஒன்றிலாவது காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இனி நமது பக்கம். 2015 ஒக்டோபரில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை இலங்கை பற்றி நிறைவேற்றிய 30/1 தீர்மானத்தில் பாதுகாப்புத் துறைச் சீர்திருத்தம் இருந்தது, காணி விடுவிப்பு இருந்தது, சிவில் வேலைகளிலிருந்து இராணுவம் விலக வேண்டும் என்பதும் இருந்தது. அதற்கு இணை அனுசரணை வழங்கியிருந்த இலங்கை, ஆட்சி மாறிய பின் 2020இல் விலகிக்கொண்டது. நாம் என்ன செய்தோம்? ஒவ்வொரு மார்ச்சிலும் செப்டெம்பரிலும் ஜெனீவாவை முதற்பக்கத்தில் போட்டோம். வன்னியில் முன்பள்ளி ஆசிரியைகளுக்குப் பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்த திணைக்களம் சம்பளம் கொடுத்தது. நாலு வயதுப் பிள்ளையின் ஆசிரியைக்கு மாதச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பது சீர்திருத்தத்தின் நடு விடயம். அது எத்தனை தலையங்கத்துக்கு விடயமானது?

2017 தொடக்கத்தில் முல்லைத்தீவு மாவட்டத்தின் கேப்பாப்பிலவுப் பக்கம், பிலவுக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாம் வாசலில் போய் இருந்தார்கள். பெண்கள், வயதானவர்கள், பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் எல்லோரும் இரவும் பகலும் அங்கேதான் கிடந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய காணி. ஒரு மாதம் போல அசையாமல் இருந்து, மார்ச் முதலாம் திகதி அதை மீட்டார்கள். அந்தக் கோரிக்கையை எந்தத் தூதரகமும் எழுதிக் கொடுக்கவில்லை. படைச் சீர்திருத்தத்தை இந்த நாட்டுக் குடிமக்கள் தாங்களாகவே கேட்டதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தெற்கின் ஆசிரியர்களுக்கு வேண்டுமா? அதைச் சிங்களத்தில் எழுதி அவர்களுடைய மேசைக்குக் கொண்டுபோக நம்மில் எத்தனை பேர் முயன்றோம்?

வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சின் ஒதுக்கீடு பற்றிய குழுநிலை விவாதம் ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் நடக்கிறது. அடுத்த முறை தமிழ், சிங்களச் செய்தியாளர்கள் சேர்ந்து மூன்று கேள்விகளை உறுப்பினர்களின் கையில் கொடுங்கள்: மாவட்ட வாரியாக எத்தனை படையினர், அவர்கள் வசம் எத்தனை ஏக்கர் தனியார் காணி, விலகிய சிப்பாய்கள் இன்று எங்கே. வரும் பதிலை இரண்டு மொழியிலும் ஒரே நாளில் அச்சிடுங்கள். பதில் வராவிட்டால், வரவில்லை என்பதையும் முதற்பக்கத்தில் போடுங்கள்.