கையெழுத்தைத் தடுப்பது மனமே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பின்னாளில் உயிர்ப்பிக்கலாம் என்ற நம்பிக்கையில், இறந்தபின் உடலைக் கடுங்குளிரில் காத்துவைக்கும் கிரையோனிக்ஸில் மக்கள் சேராததற்குக் காரணம் அறிவியல் ஐயமா, மனத்தடையா? மனத்தடையே என்பது எங்கள் கட்சி.

"இதுவரை ஒருவராவது எழுந்து வந்தாரா?" என்று கேட்டு எதிரணித் தலைவர் கைதட்டல் வாங்கினார். வரவில்லைதான். 1967 ஜனவரி 12 அன்று உறையவைக்கப்பட்ட ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் இன்னும் திரவ நைட்ரஜனில்தான் இருக்கிறார். ஆனால் "ஒருவேளை நடக்கலாம்" என்பவர்களும் சேர்வதில்லையே, அதற்கு என்ன பதில்?

பணமா? மிச்சிகனின் கிரையோனிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டில் முழு உடலுக்கு 28,000 டாலர் முதல் ஆகும். பலர் ஆயுள் காப்பீடு எடுத்து, அதன் தொகை நிறுவனத்துக்குப் போகும்படி எழுதிவிடுகிறார்கள். குடும்பத்துக்காக பாலிசி எடுக்கும்போது நடுங்காத கை இங்கே நடுங்குகிறது. அங்கே சாவு ஒரு தொகை. இங்கே அது சொந்த உடம்பு.

நடப்பதைக் கேளுங்கள். மரணம் அறிவிக்கப்பட்டதும் பனிக்கட்டித் தொட்டி. மார்பை இயந்திரம் அமுக்கும். ரத்தம் கட்டாமலிருக்க ஹெப்பாரின். பிறகு ரத்தத்தை வெளியேற்றி, பனிப்படிகம் செல்களைக் கிழிக்காதபடி குழாய்வழியே உறைதடுப்புக் கரைசல். கடைசியில் மைனஸ் 196 டிகிரியில், திரவ நைட்ரஜன் நிரப்பிய கொள்கலத்துக்குள் தலைகீழாக! நைட்ரஜன் மட்டம் இறங்கினாலும் தலைதான் கடைசியில் வெளிப்படும் என்பதற்காக. நல்ல ஏற்பாடுதான், ஆனால் கேட்டவர் முகம் சுளிக்கிறது. தகனத்தையும் இப்படி விவரித்தால் அதே சுளிப்புதான் வரும். ஊரே செய்வதால் அதை யாரும் விவரிக்கச் சொல்வதில்லை.

அடுத்தது குடும்பம். "நான் இல்லாத காலத்துக்கு நீங்கள் மட்டும் டிக்கெட் எடுப்பீர்களா?" என்று துணைவி கேட்டால் எந்த இயற்பியல் பதில் சொல்லும்? "விழித்தால் எனக்கு யாரைத் தெரியும்?" என்பதும் அதே வகைப் பயம்தான்.

சாட்ஸ்வொர்த்தைச் சொல்வீர்கள். கலிஃபோர்னியாவில் உள்ள அந்த இடத்தில், உடல்களைக் காத்த கிரையோனிக்ஸ் அமைப்பிடம் பணம் வற்றி, நிலவறையில் உடல்கள் உருகிக் கெட்டது 1979இல் வெளிவந்தது. அந்த அவநம்பிக்கை நியாயமானது, விட்டுத்தருகிறேன். ஆனால் அது உறவினர் மாதாமாதம் கட்டும் பணத்தை நம்பியதால் வந்த கேடு. அதனால்தான் இன்று முழுத்தொகைக்கும் முன்கூட்டியே வழிசெய்யச் சொல்கிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தடை "அப்புறம் பார்க்கலாம்". கெடு தேதி இல்லாத படிவம் இது. உடம்பு நன்றாக இருக்கும்போது அவசரம் தெரியாது; நோய் வந்தபின் பாலிசி கிடைக்காது, கிடைத்தாலும் பிரீமியம் எட்டாது. உண்மையில் ஐயப்படுபவர் "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார். தள்ளிப்போடும் இவரோ படிவத்தை வரவழைத்து, முகவரிவரை நிரப்பி, கையெழுத்திடும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறார். எதிரணியின் அறிவியலில் இதற்கு விளக்கம் இருந்தால் சொல்லட்டும், நடுவர் அவர்களே!