'ஊ' என்று குவித்து 'ஈ' என்று சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே வேற்று மொழியை அறிமுகப்படுத்துவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். பேச்சைத் தொடங்கும் முன் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காதீர்கள், வெட்கம் வந்துவிடும். உதட்டை 'ஊ' என்று குவித்துக்கொள்ளுங்கள். குவித்த உதட்டை அசைக்காமல் 'ஈ' என்று சொல்லுங்கள்.

சரி, சிரித்தது போதும். ஊவும் இல்லாமல் ஈயும் இல்லாமல் இப்போது ஓர் ஒலி வந்ததே, பிரெஞ்சில் 'நீ' என்று சொல்லவே அந்த உயிரொலி வேண்டும். நாம் உதட்டுக்கு ஓர் உத்தரவு, நாக்குக்கு ஓர் உத்தரவு என்று போட்டு அதை வரவழைக்கிறோம். பிரெஞ்சு காதில் விழுந்தே வளரும் குழந்தைக்கு அந்தப் பாடே இல்லை.

1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் கைக்குழந்தைகளுக்கு இந்தியின் 'ட', 'த' ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். நமக்கு அது என்ன பெரிய வேறுபாடு! ஆனால் ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். அவர்களுடைய ஆறேழு மாதக் குழந்தைகளோ இரண்டையும் பிரித்துக் கேட்டன. முதல் பிறந்தநாள் நெருங்கும்போது அந்தத் திறமை பெரும்பாலும் போய்விட்டது. வீட்டில் புழங்காத ஒலி எதற்கு என்று காது கணக்கை முடித்துவிடுகிறது.

உடனே கைபேசியில் மொழிப் பாடம் போட்டுவிடலாம் என்று யாராவது நினைத்தால், இதையும் கேளுங்கள். 2003இல் பட்ரிசியா குல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். மொத்தம் பன்னிரண்டு அமர்வுகள். எதிரே ஆள் உட்கார்ந்து பேசி விளையாடியபோது குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. அதே பேச்சைத் திரையில் காட்டியபோது ஒன்றும் ஒட்டவில்லை. விருந்தாளி வந்ததும் பிள்ளையை நிறுத்திப் பத்து நிறங்களின் பெயரை வேற்று மொழியில் ஒப்பிக்கச் சொல்கிறோமே, அதை நான் மொழி அறிமுகம் என்று சொல்ல மாட்டேன்.

அப்படியானால் ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாதா? இந்தப் பழமொழியோடு எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. போலந்துக்காரரான ஜோசப் கான்ராட் ஆங்கிலத்தைத் தொட்டதே இருபது வயதை ஒட்டித்தான். ஆங்கில நாவலாசிரியர்களில் பெரும்புள்ளி ஆகிவிட்டார். பேச்சில் மட்டும் போலந்து வாடை கடைசிவரை போகவில்லை. சின்ன வயதில் அவருக்குப் பிரெஞ்சு அறிமுகமாகியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வேற்று மொழியை முதன்முதலில் கேட்கும் குழந்தை, "அவங்க ஏன் தப்புத் தப்பா சொல்றாங்க?" என்றுதான் கேட்கும். அதற்குத் தண்ணீர் என்றால் தண்ணீர்தான். அந்தப் பெயர் நாம் வைத்தது, அவர்கள் வேறு வைத்திருக்கிறார்கள் என்று ஒருநாள் பிடிபடும். அன்றைக்குக் கற்ற சொற்கள் பிறகு மறந்துபோகலாம். பிடிபட்டது மறக்காது.

எழுத்தாளர் எலியாஸ் கனெட்டி 1905இல் பல்கேரியாவில் பிறந்தவர். வீட்டு மொழி லடினோ, அதாவது ஸ்பெயினிலிருந்து வந்த யூதர்களின் மொழி. அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் மட்டும் ஜெர்மன் பேசிக்கொள்வார்கள். பையனுக்கு அது மூடிய கதவு. காதில் விழுந்த ஜெர்மன் வாக்கியங்களைப் பொருள் தெரியாமலே, மந்திரம்போல, அதே ராகத்தில் தனியாகச் சொல்லிப் பார்ப்பானாம். அவனுக்கு ஏழு வயதானபோது அப்பா திடீரென்று இறந்துபோனார். அடுத்த ஆண்டு அம்மா அவனுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். புத்தகத்தைக் கையில் தரவில்லை. வாக்கியத்தைச் சொல்வார், பையன் திருப்பிச் சொல்ல வேண்டும். மறுநாள் மறந்திருந்தால் கடும் ஏச்சு. எந்த ஆசிரியருக்கும் நான் சிபாரிசு செய்யாத முறை இது. கணவரோடு பேசிய மொழியில் பேச அந்தத் தாய்க்கு வீட்டில் வேறு ஆள் இல்லை.

நாஜிகள் வந்த பிறகு கனெட்டி வியன்னாவை விட்டு இங்கிலாந்துக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் அங்கே வாழ்ந்தார். 1981இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வந்தது. ஜெர்மனை விட அவருக்கு முன்பே வந்த மொழி ஆங்கிலம், சின்ன வயதில் மான்செஸ்டரில் கற்றது. எழுதியதெல்லாம் ஜெர்மனில்தான்.